ஜிபிஎஸ் வாட்சும் பாய்மரப் படகும்: கரையில் அமைப்பது முதல் திரும்பி வந்து பதிவைப் படிப்பது வரை

போட்டி தொடங்க இன்னும் இரண்டே நிமிடம். ஒற்றையாள் ஓட்டும் டிங்கி, அதாவது சிறு பாய்மரப் படகு. சுற்றிலும் பத்துப் பதினைந்து படகுகள் முண்டியடிக்கின்றன. நானோ பாய்க்கயிற்றைக் காலில் மிதித்துக்கொண்டு, சுக்கான் பிடியைத் தொடையில் இடுக்கிக்கொண்டு, கையுறையைப் பல்லால் கழற்றி, புது வாட்சில் கவுண்ட்டவுன் எந்த மெனுவில் ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்து நிமிர்ந்தபோது படகு காற்றுக்கு நேரே மூக்கைத் திருப்பி அசையாமல் நின்றது. மற்றவர்கள் கோட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

வாட்ச் மேல் குற்றமில்லை. கரையில் செய்ய வேண்டியதைக் கடலில் செய்யப் போனது என் தப்பு. அன்றிலிருந்து எனக்கு ஒரே விதிதான்: தண்ணீரில் இறங்கியபின் வாட்சைப் பார்க்கலாம், நோண்டக் கூடாது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த விதியைச் சுற்றித்தான் போகிறது. கார்மின், சூன்டோ, கோரோஸ், போலார், ஆப்பிள் என்று எந்த வாட்சாக இருந்தாலும் மெனுவின் பெயர்கள் மாறும், வேலை மாறாது. சில வசதிகள் படகோட்டிகளுக்கென்றே வரும் மாடல்களில் மட்டும்தான் இருக்கும். கார்மினின் குவாட்டிக்ஸ் வரிசை அந்த வகை. உங்கள் வாட்சில் இல்லாததைத் தாண்டிப் போய்விடுங்கள்.

படி 1: வீட்டில், முந்தின நாள் இரவு

முதலில் போனோடு சிங்க் செய்யுங்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் தான் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை மிக மெதுவாக அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரு செயற்கைக்கோளின் துல்லியமான பாதை விவரத்தை வானத்திலிருந்து முழுதாக வாங்கவே 30 விநாடி ஆகும். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயப் பட்டியலும் வந்துசேர பன்னிரண்டரை நிமிடம். போனோடு சிங்க் ஆனால் அடுத்த சில நாட்களுக்கான பாதைக் கணிப்பு இணையம் வழியாகவே வாட்சுக்குள் வந்துவிடும். காலையில் வாசலுக்கு வந்ததும் சில விநாடிகளில் இடம் பிடித்துவிடும். இரண்டு வாரம் அலமாரியில் கிடந்த வாட்சை எடுத்துக்கொண்டு நேரே படகுத்துறைக்குப் போனால், அது வானத்தைப் பார்த்து விழித்துக்கொண்டு நிற்பது இதனால்தான்.

அடுத்தது அலகுகள். படகுக்கு நாட், கடல் மைல். ஓட்டத்துக்குக் கிலோமீட்டர். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது விநாடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல். பல வாட்சுகளில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக அலகு வைக்கலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் மாற்றிவிட்டு, மறுநாள் ஓடும்போது நாட் கணக்கில் வேகம் வந்தால் திகைக்காதீர்கள்.

இட அமைவின் வடிவத்தையும் இப்போதே பாருங்கள். கடல் வரைபடங்களிலும் ரேடியோவிலும் பழக்கத்தில் இருப்பது டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்ற முறை. வாட்ச் முழு டிகிரித் தசமத்தில் காட்டிக்கொண்டிருந்தால், அவசரத்தில் மனக்கணக்காக மாற்றி ரேடியோவில் சொல்வது ஆபத்து. திசைகாட்டி உண்மை வடக்கைக் காட்டுகிறதா, காந்த வடக்கைக் காட்டுகிறதா என்றும் பார்த்து, படகில் இருக்கும் திசைகாட்டியோடு ஒத்துப்போகும்படி வையுங்கள். இரண்டும் எதைக் காட்டினாலும் பரவாயில்லை, ஒரே வடக்கைக் காட்ட வேண்டும்.

பதிவு இடைவெளியில் 'ஸ்மார்ட்' என்ற பெயரில் ஒரு தேர்வு இருக்கும். பேட்டரியையும் நினைவகத்தையும் மிச்சப்படுத்த, தேவைப்பட்டபோது மட்டும் புள்ளி வைக்கும். நேர்கோட்டில் நடக்கும்போது அது போதும். படகு சட்டென்று திரும்பும் விநாடிகளைப் பிறகு பார்க்க வேண்டுமென்றால் 'ஒவ்வொரு விநாடியும்' என்பதுதான் சரி. நகராமல் நின்றால் தானே பதிவை நிறுத்திவைக்கும் ஆட்டோ பாஸ் படகோட்டத்துக்கு வேண்டாம். காற்று செத்து நீங்கள் மிதந்துகொண்டிருக்கும் நேரமும் கதையின் பகுதிதான். டச் ஸ்க்ரீனை அந்தச் செயல்பாட்டுக்கு அணைத்துவிடுங்கள். அலைத் துளிகளுக்கு விரல் என்ற நினைப்பு உண்டு.

படி 2: திரையில் மூன்று எண்ணுக்கு மேல் வேண்டாம்

புது வாட்ச் வாங்கியவர்கள் ஒரு திரையில் ஆறு, எட்டு எண்களை அடுக்குவார்கள். சோபாவில் உட்கார்ந்து பார்க்கும்போது கம்பீரமாகத்தான் இருக்கும். படகு சாய்ந்து, முகத்தில் உப்புத் தண்ணீர் அடித்து, கை நடுங்கும்போது ஒன்றும் படிக்க முடியாது. நான் வைத்திருப்பது இரண்டு திரைகள்தான். முதலாவதில் பெரிய எழுத்தில் வேகம், அடியில் திசை. இரண்டாவதில் நேரம், கடந்த தூரம், இதயத்துடிப்பு. தொடக்கக் கவுண்ட்டவுன் தனி.

போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி போடுபவர்கள் அதைப் போட்டுக்கொண்டே வாட்சைச் சுற்றுமுற்றும் திருப்பிப் பாருங்கள். சில திரைகள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் முழுக்கக் கறுத்துப்போகும். உங்கள் மணிக்கட்டு சுக்கான் பிடியில் இருக்கும் கோணத்தில் கறுக்கிறதென்றால், அதைக் கடலில் போய்த் தெரிந்துகொள்வானேன்.

ஒலியை நம்பாதீர்கள், பாய் படபடக்கும் சத்தத்தில் அந்தப் 'பீப்' காதில் விழாது. அதிர்வை முழு அளவில் வையுங்கள்.

படி 3: கையில் கட்டுவது

சாதாரணமாக மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, தோலோடு படிந்து, ஆனால் இறுகாமல். முழுக்கை நீச்சல் உடையோ ஜாக்கெட்டோ போட்டால் பலர் அதன் கைப்பட்டைக்கு (உடையின் கை விளிம்பு) மேலே கட்டுகிறார்கள். திரை எப்போதும் தெரியும் என்பது லாபம், இதயத்துடிப்பு கிடைக்காது என்பது நட்டம். உள்ளே கட்டினால் இன்னொரு தொல்லை: கையை மடக்கும்போதெல்லாம் இறுக்கமான கைப்பட்டை பட்டனை அழுத்தும். ஒருமுறை இரண்டு மணி நேர ஓட்டத்தில் 63 லேப் (சுற்று) பதிவாகியிருந்தது. பட்டன் லாக் என்ற வசதியைத் தேடிப் பிடிக்க வைத்தது அந்த 63தான்.

துளையிட்ட ரப்பர் பட்டையைவிட, வளையத்தில் நுழைத்து ஒட்டும் நைலான் பட்டை எனக்குப் பிடிக்கும். ஒரு பக்க ஊசி உடைந்தாலும் வாட்ச் உடனே கழன்று விழாதபடி முழு நீளமாக அடியில் ஓடும் வகை இன்னும் நல்லது.

'5 ஏடிஎம்' என்று பின்னால் எழுதியிருந்தால் 50 மீட்டர் ஆழம் போகலாம் என்று பொருள் இல்லை. அசையாத நீரில் 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் சோதித்திருக்கிறார்கள், அவ்வளவே. நீச்சலுக்கும் டிங்கி கவிழ்வதற்கும் அது தாராளம். ஸ்கூபா டைவிங்குக்கென்று ஐஎஸ்ஓ 6425 என்ற தனித் தரநிர்ணயம் இருக்கிறது. அது இல்லாத வாட்சை அந்த வேலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

படி 4: கரையில், படகைத் தள்ளுவதற்கு முன்

திறந்த வெளியில் நின்று படகோட்டச் செயல்பாட்டைத் திறந்து, பச்சை அறிகுறி வரும்வரை காத்திருங்கள். வந்த பிறகும் ஒரு நிமிடம் விடுங்கள். இடத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். நான்கு கிடைத்த உடனேயே வாட்ச் 'தயார்' என்று சொல்லிவிடலாம். இன்னும் ஏழெட்டு சேர்ந்த பிறகுதான் புள்ளி நிலைகொள்ளும். ஒரே சமயத்தில் ஜிபிஎஸ், கலிலியோ, குளோனாஸ், பெய்டூ என்று பல அமைப்புகளைக் கேட்கும் தேர்வு இருந்தால் அதை வையுங்கள். 'இரட்டை அலைவரிசை' என்ற தேர்வு உயரமான கட்டடங்கள், பாறைச் சுவர்கள் நடுவே சிக்னல் மோதித் திரும்பும் இடங்களில்தான் தன் மதிப்பைக் காட்டும். நாலா பக்கமும் வானம் தெரியும் கடலில் அதற்காகப் பேட்டரியைக் கரைக்கத் தேவையில்லை.

திசைகாட்டியை எட்டு போலக் கையைச் சுழற்றிச் சரிசெய்யுங்கள். கார், இன்ஜின், ஸ்பீக்கர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கடல் மட்டத்தில்தானே நிற்கிறீர்கள், உயரத்தைச் சுழியம் என்று அமைத்துவிடுங்கள். உயரத்தை இவ்வளவு நிச்சயமாகச் சொல்லக்கூடிய இடம் வேறெங்கும் கிடைக்காது.

படி 5: கடலில் வாட்ச் காட்டும் வேகம் யாருடைய வேகம்?

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை தானே விளங்கும். ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். படகு தண்ணீரைக் கிழித்துப் போகும் வேகம் அல்ல.

உங்கள் படகு தண்ணீரில் 5 நாட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நீரோட்டம் பின்னாலிருந்து 2 நாட் தள்ளுகிறது. வாட்ச் 7 காட்டும்; நீங்கள் பாயை அற்புதமாக அமைத்துவிட்டதாக மகிழ்வீர்கள். திரும்பி வரும்போது அதே படகு, அதே பாய், வாட்ச் 3 காட்டும். இப்போது பாயைத் திருத்தத் தொடங்கினால் நல்லதைக் கெடுத்துவிடுவீர்கள். நீரோட்டம் பக்கவாட்டில் 2 நாட் வந்தால் இன்னும் வேடிக்கை: வாட்ச் 5.4 காட்டும், ஆனால் நீங்கள் நகரும் திசை படகின் மூக்கு நோக்கும் திசையிலிருந்து ஏறக்குறைய 22 டிகிரி விலகியிருக்கும். வாட்சில் 'திசை' என்ற பெயரில் இரண்டு இருப்பது இதனால்தான். ஒன்று ஜிபிஎஸ் கணிக்கும் நகர்வுத் திசை. மற்றது காந்தத் திசைகாட்டி சொல்லும் நோக்குத் திசை. அதுவும் உங்கள் கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம். நகர்வுத் திசையைத் திரையில் வையுங்கள்.

இந்தக் குறையையே வித்தையாக்கலாம். படகின் திசைகாட்டி ஒன்று சொல்ல, வாட்சின் நகர்வுத் திசை வேறொன்று சொன்னால், அந்த இடைவெளி நீரோட்டமும் காற்றுத் தள்ளலும் சேர்ந்தது. கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே நேரில் வைத்துப் பார்க்கும் பழைய முறையோடு இதை ஒப்பிட்டுப் பழகினால் கண்ணுக்கும் பயிற்சி.

வேகம் ஒரு நாட்டுக்குக் கீழே போனால் நகர்வுத் திசை பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றும். புள்ளியின் பிழையே நகர்வைவிடப் பெரிதாகிவிடுவதால் அது. அந்த நேரத்தில் வாட்சை மறந்துவிட்டுக் காற்றுக் குறியைப் பாருங்கள்.

உச்ச வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிங்கி கவிழ்ந்து வாட்ச் தண்ணீருக்குள் போய் வெளியே வந்ததும் ஒரு புள்ளி எங்கோ தாவும். மாலையில் பார்த்தால் 41 நாட் என்று பெருமையாகக் காட்டும். 500 மீட்டர் தூரத்துக்கான பாய்மர வேகச் சாதனையே 2012-இல் நமீபியாவின் வால்விஸ் பேயில் பால் லார்சன் ஓட்டிய 65.45 நாட்தான், அதுவும் அதற்கென்றே கட்டிய விசேஷப் படகில். விண்ட்சர்ஃபிங் வேகப் பைத்தியங்கள் ஒரு விநாடி உச்சத்தை மதிப்பதில்லை. பத்து விநாடிச் சராசரியைத்தான் ஒப்பிடுகிறார்கள். அதையே நீங்களும் செய்யுங்கள்.

படி 6: போட்டித் தொடக்கம்

முதலில் போட்டி அறிவிப்பையும் உங்கள் படகு வகையின் விதிகளையும் படியுங்கள். சில வகைகளில் ஜிபிஎஸ் கருவியே கூடாது. கையில் கட்டியிருந்தாலே விதிமீறல், பார்த்தீர்களா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வழக்கமான தொடக்க முறை 5, 4, 1, 0. ஐந்து நிமிடத்தில் எச்சரிக்கைக் கொடி, நான்கில் ஆயத்தக் கொடி ஏறும், ஒன்றில் அது இறங்கும், சுழியத்தில் ஓட்டம். நேரத்தை எடுக்க வேண்டியது கண்ணால் பார்க்கும் சைகையிலிருந்து; ஒலி துணைக்குத்தான். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்பதால், 170 மீட்டர் தள்ளி நின்றால் ஹாரன் அரை விநாடி தாமதம். கொடி அசைந்ததும் பட்டன்.

வாட்சில் சிங்க் பட்டன் எது என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தில் தவறவிட்டாலும் நான்கில் கொடி ஏறும்போது ஒரே அழுத்து, கவுண்ட்டவுன் அருகிலிருக்கும் முழு நிமிடத்துக்கு நகர்ந்துவிடும். இதை வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை செய்து பாருங்கள். சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை.

தொடக்கக் கோட்டின் இரு முனைகளையும் குறித்து வைக்கும் வசதி இருந்தால், நடுவர் படகின் பக்கத்திலும் மிதவையின் பக்கத்திலும் போய்த் தலா ஒருமுறை அழுத்துங்கள். பிறகு கோட்டுக்கு எத்தனை மீட்டர், இந்த வேகத்தில் போனால் எத்தனை விநாடி முன்கூட்டியே சேர்வீர்கள் என்று காட்டும். அருமையான வசதி. ஆனால் எவ்வளவு நம்பலாம்? திறந்த வானத்தின் கீழ் மணிக்கட்டு ஜிபிஎஸ் மூன்று நான்கு மீட்டர் தவறலாம். 4 நாட் வேகத்தில் நீங்கள் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் போகிறீர்கள். ஆக, பிழை மட்டுமே இரண்டு விநாடி. அதற்கு மேல், வாட்ச் இருப்பது அமரத்துப் பக்கம் (படகின் பின்பகுதி) உட்கார்ந்திருக்கும் உங்கள் கையில்; கோட்டை முதலில் தொடுவது அணியம் (படகின் முன்முனை). நடுவர் படகும் நங்கூரத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். எனவே அந்த எண்ணை 'இன்னும் தூரம் இருக்கிறது', 'கிட்ட வந்துவிட்டோம்' என்ற அளவில் வையுங்கள். கடைசிப் பத்து விநாடிக்குக் கண்தான்.

டாக் உதவி

காற்றை எதிர்த்து நேரே போக முடியாது. இடமும் வலமும் மாறி மாறிச் சாய்ந்துதான் மேலேற வேண்டும். அப்படிப் பக்கம் மாறித் திரும்புவதுதான் டாக். சில வாட்சுகளில் இதற்கு உதவி உண்டு. இரண்டு பக்கமும் முடிந்தவரை காற்றை ஒட்டி ஒவ்வொரு முறை ஓட்டி, திசையைப் பதியவைத்தால், பிறகு காற்று உங்களுக்குச் சாதகமாகத் திரும்பியதா பாதகமாகவா என்று டிகிரியில் காட்டும். பதியவைக்கும்போது நன்றாக ஓட்டினீர்களா என்பதுதான் எல்லாம். அரைகுறையாக ஓட்டிப் பதித்தால், அடுத்த ஒரு மணி நேரம் காற்று சாதகமாகவே வீசுவதுபோல் வாட்ச் பொய் சொல்லும். நீரோட்டம் மாறினாலும் மறுபடி பதிக்க வேண்டும்.

படி 7: ஆள் விழுந்தால், நங்கூரம் நகர்ந்தால்

ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கும் பட்டன் உடனே அந்தப் புள்ளிக்குத் திசையும் தூரமும் காட்டும். அழுத்துங்கள், ஆனால் அழுத்துவது இரண்டாவது வேலை. முதல் வேலை: ஒருவர் விரலை நீட்டி விழுந்தவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கண்ணை எடுக்கவே கூடாது. புள்ளி தரையில் நிற்கும், மனிதர் நீரோட்டத்தோடு போவார். ஒரு நாட் நீரோட்டத்தில் ஐந்து நிமிடத்துக்குள் 150 மீட்டருக்கு மேல் விலகியிருப்பார். தனியாக ஓட்டுபவருக்கு இந்த வசதியால் பெரிய பயன் இல்லை. விழுந்தவரின் கையில்தானே வாட்ச் இருக்கிறது. வாட்சின் விபத்து எச்சரிக்கையும் பெரும்பாலும் போன் தொடர்பை நம்பித்தான் வேலை செய்யும். அவசர அழைப்புக்கான விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலுக்கும், 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளை எட்டும் அபாய பீக்கனுக்கும் இது மாற்று ஆகாது.

நங்கூர எச்சரிக்கையை அமைப்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கணக்கை ஒருமுறை சேர்ந்து போட்டுவிடலாம். இப்போது ஆழம் 3 மீட்டர். ஓதம் (கடல்மட்ட ஏற்ற இறக்கம்) ஏறினால் இன்னும் 2 மீட்டர் கூடும். அணியம் நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம். மொத்தம் 6. சங்கிலிக்கு ஐந்து மடங்கு என்று 30 மீட்டர் விடுகிறீர்கள். சங்கிலி விறைத்து நிற்கும்போது அணியம் நங்கூரத்திலிருந்து கிட்டத்தட்ட 30 மீட்டர் தள்ளி இருக்கும். நீங்கள் உறங்குவது அமரத்துப் பக்கம், படகின் நீளம் 9 மீட்டர், ஆக 39. ஜிபிஎஸ் தடுமாற்றத்துக்கு 10 சேர்த்தால் 49. எச்சரிக்கை வட்டத்தின் ஆரம் 50 மீட்டர்.

இந்த வட்டத்தின் மையம் எங்கே? நங்கூரம் தரையைத் தொட்ட இடம். அணியத்தில் நின்று, நங்கூரம் அடியில் இறங்கிய அந்தக் கணத்தில் அழுத்த வேண்டும். எல்லாம் முடிந்து, படகு பின்னால் நகர்ந்து நிலைத்து, தேநீரும் குடித்த பிறகு அழுத்தினால், மையம் 30 மீட்டர் தப்பான இடத்தில் விழும். நள்ளிரவில் காற்று எதிர்ப்பக்கம் திரும்பி, படகு நங்கூரத்தின் மறுபுறம் போய் நின்றால், அது குறித்த இடத்திலிருந்து 60 மீட்டர். நங்கூரம் அசையவே இல்லை, வாட்ச் மட்டும் கையில் துள்ளும். இரண்டு இரவு இப்படித் துள்ளினால் மூன்றாம் இரவு அணைத்துவிட்டுத் தூங்குவீர்கள், ஆபத்து அதில்தான். கேபினுக்குள் சிக்னல் மங்கி வட்டம் தாண்டித் தாவுவதும் உண்டு. அதனால் படகின் ஜிபிஎஸ் முதல் காவல், கையில் இருப்பது இரண்டாவது. இரவு முழுக்க ஜிபிஎஸ் ஓடும் என்பதால் மாலையிலேயே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

படி 8: காற்றழுத்தம்

வாட்சுக்குள் இருப்பது ஒரே அழுத்த உணரி. அதுவே உயரத்தையும் சொல்ல வேண்டும், வானிலையையும் சொல்ல வேண்டும். அழுத்தம் குறைந்தால் நீங்கள் மேலே ஏறினீர்களா, வானிலை கெடுகிறதா என்று அதற்குத் தெரியாது, ஊகிக்கும். கடலில் இந்தக் குழப்பம் வேண்டாம், உணரியைப் 'பாரோமீட்டர்' நிலைக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். மலையில் நேர்மாறு: நடக்கும்போது 'உயரம்', கூடாரத்தில் தங்கும்போது 'பாரோமீட்டர்'. தாழ்ந்த உயரங்களில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறைந்தால் வாட்சுக்கு எட்டு மீட்டர் ஏறியதாகத் தோன்றும். இரவில் அழுத்தம் 4 குறைந்தால் படுத்திருந்தபடியே 30 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டிருப்பீர்கள்.

புயல் எச்சரிக்கையை மூன்று மணி நேரத்தில் 4 ஹெக்டோபாஸ்கல் வீழ்ச்சி என்று வைப்பது நல்ல தொடக்கம். அதைவிட நுட்பமாக வைத்தால் வெப்பமண்டலக் கடல்களில் தினமும் பொய் எச்சரிக்கை வரும். அங்கே அழுத்தம் ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிவாக்கில் ஏறி, மாலை நான்கு மணிவாக்கில் இறங்கும். இரவிலும் இப்படியே இன்னொரு சுற்று. நல்ல வானிலையிலும் இந்த ஏற்ற இறக்கம் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் இருக்கும். திடீரென்று எழும் இடிமழைக் காற்றுக்கு முன்னறிவிப்பாக இதை நம்பவும் வேண்டாம். அடிவானத்தில் கறுக்கும் மேகத்தைக் கண் முதலில் பார்க்கும்.

ஓத அட்டவணை வாட்சில் இருந்தால் பாருங்கள். அது கணிப்பு மட்டுமே. காற்று கரைநோக்கி வெகுநேரம் அடித்தாலோ அழுத்தம் விழுந்தாலோ தண்ணீர் அட்டவணையைவிட உயரும்.

இன்னொன்று: வாட்சில் இருக்கும் நில வரைபடம் கடல் வரைபடம் அல்ல. 'தொடங்கிய இடத்துக்குத் திரும்பு' என்று அழுத்தினால் நேர்கோடு போட்டுக் கொடுக்கும். நடுவில் பாறைத் திட்டு இருப்பது அதற்குத் தெரியாது.

படி 9: கரையில் ஓட்டம், நடை, நீச்சல்

ஓடும்போது 'இப்போதைய வேகம்' என்ற எண்ணைத் துரத்தாதீர்கள். கை முன்னும் பின்னும் வீசுவதாலும், மர நிழலில் சிக்னல் சிதறுவதாலும் அது ஊசலாடிக்கொண்டே இருக்கும். லேப் சராசரியைத் திரையில் வையுங்கள். மலைப்பாதை நடைக்கு முந்தின நாளே பாதை அடங்கிய ஜிபிஎக்ஸ் கோப்பை ஏற்றி, பாதை விலகல் எச்சரிக்கையை இயக்குங்கள். நிலத்தில் 'வந்த வழியே திரும்பு' என்பது உண்மையிலேயே உயிர் காக்கும் வசதி, பனிமூட்டத்தில் குறிப்பாக. சைக்கிளில் வாட்சைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, துடிப்புக்கு மார்புப் பட்டை கட்டுங்கள். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

திறந்தவெளி நீச்சலில் ஜிபிஎஸ் அலை தண்ணீருக்குள் இறங்காது. கை மேலே வரும் அந்த ஒரு கணத்தில்தான் வாட்ச் வானத்தைப் பார்க்கிறது. முன்னோக்கி கை வீசும் நீச்சலில் இது ஓரளவு சரிவரும். கை எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும் தவளை நீச்சலில் தூரம் கோணலாகும். அவர்களுக்கு ஒரு வழி உண்டு: பின்னால் இழுத்துச் செல்லும் பாதுகாப்பு மிதவையின் மேல் வாட்சைக் கட்டிவிடுங்கள். ட்ரையத்லான் பயன்முறையில் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் லேப் பட்டனை அழுத்தினால் அடுத்த விளையாட்டுக்கு மாறும். தண்ணீரில் தெரியாமல் ஒருமுறை அழுந்திவிட்டால் மிச்ச நீச்சலெல்லாம் சைக்கிள் கணக்கில் விழும். பூட்டி வையுங்கள்.

இதயத்துடிப்பு உணரி தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் வந்து போவதைத் திரும்பும் ஒளியில் அளக்கிறது. இது கெடும் இடங்கள் மூன்று. குளிர்ந்த நீரில் தோலுக்கடியில் ரத்தவோட்டம் சுருங்கும். பாய்க்கயிற்றை இறுகப் பிடிக்கும்போது மணிக்கட்டுத் தசை புடைத்து வாட்சைத் தூக்கிவிடும். ஓடும்போது சில சமயம் துடிப்புக்குப் பதிலாகக் காலடித் தாளத்தையே எண்ணத் தொடங்கும். மெதுவாக ஓடிக்கொண்டே நிமிடத்துக்கு 172 காட்டினால், காலடியை எண்ணிப் பாருங்கள், அதுவும் 172 இருக்கும். மார்புப் பட்டை இவற்றைத் தீர்க்கும். ஆனால் புளூடூத் தண்ணீருக்குள் போகாது, ஆகவே நீச்சலுக்குத் தன்னுள்ளேயே சேமித்து வைக்கும் பட்டை வேண்டும்.

துடிப்பு மண்டலங்களுக்கு (மெதுவான முயற்சி முதல் உச்சம் வரையிலான அடுக்குகள்) உச்சத் துடிப்பாக 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கைத்தான் வாட்ச் பெரும்பாலும் தானாக வைத்திருக்கும். நாற்பது வயதுக்காரருக்கு 180. பலருக்கு அது பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடவோ குறையவோ போகும். நல்ல உடல்நிலையில் இருப்பவர் 30 நிமிடம் தன்னால் முடிந்த சீரான உச்சத்தில் ஓடி, கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பை மண்டலங்களைப் பிரிக்கும் வாசல் எண்ணாக வைத்தால் மண்டலங்கள் அர்த்தமுள்ளதாகும். டிங்கியின் விளிம்பில் தொங்கி உட்காரும்போது தொடை அசையாமல் இறுகி நிற்கும். அப்போது துடிப்பு, உடல் செலவழிக்கும் ஆக்ஸிஜனுக்குப் பொருந்தாத அளவு ஏறும். அன்றைய கலோரி எண்ணைப் பார்த்து இரவு உணவைத் தீர்மானிக்காதீர்கள்.

படி 10: திரும்பி வந்ததும்

பதிவை நிறுத்திச் சேமித்துவிட்டு, வாட்சை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு காய்ந்தால் பட்டன்கள் கரகரக்கும், அழுத்த உணரியின் சிறு துளை அடைபட்டு உயரம் உளறத் தொடங்கும். ஊசி கொண்டு குத்த வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் சற்று ஊறவிட்டால் போதும். சார்ஜ் முனைகள் முழுக்கக் காய்ந்த பிறகுதான் கேபிள். ஈரத்தோடு மாட்டினால் சில மாதத்தில் முனை பச்சை பூத்துவிடும். டீட் கலந்த கொசு விரட்டி பிளாஸ்டிக்கை உருக்கும், அதைப் பூசிய கையால் திரையைத் துடைக்காதீர்கள்.

பிறகு கோப்பைத் திறந்து பாருங்கள். மொத்தத் தூரமும் உச்ச வேகமும் நண்பர்களுக்குக் காட்ட. உங்களுக்கு வேண்டியது டாக் அடித்த இடங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் எதுவரை விழுந்தது, பழைய வேகத்துக்கு வர எத்தனை விநாடி ஆனது என்று நான்கைந்தைக் குறித்துப் பாருங்கள். என் பதிவில் வலமிருந்து இடம் திரும்பும்போது 8 விநாடி, இடமிருந்து வலம் 13. கயிற்றைக் கை மாற்றும்போது ஒரு பக்கம் மட்டும் தடுமாறுகிறேன் என்பதைப் பல வருடம் யாரும் சொல்லவில்லை, நானும் உணரவில்லை.

வாட்சுக்குக் காற்று தெரியாது, நீரோட்டம் தெரியாது, எந்தப் பாய் கட்டினீர்கள் என்பதும் தெரியாது. அதனால் கோப்பின் குறிப்புப் பகுதியில் அன்றே இரண்டு வரி எழுதி வைப்பேன். போன வாரத்தது இது: 'தென்கிழக்கு, 12 நாட் இருக்கும். ஓதம் இறங்குமுகம். 2:20-க்குப் பாய்க்கயிற்றுக் கப்பி உடைந்தது, அதன்பின் உள்ள வேகம் கணக்கில் வேண்டாம்.'